படிப்பகத்தில் குழம்பு

என் வீட்டுக்காரருக்கு வாய் திக்கும். பெயர் கிருஷ்ணப்பன், எழுதலாம், வாயால் சொல்லத்தான் கூடாது. திருவொற்றியூரில் தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. படிப்பகத்து இரவுப் பள்ளிக்கு வாத்தியாராக வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. என்னிடம் பேசும்போது ஒரு சொல்கூடத் திக்காது. நாலு பேர் கூடினால் போச்சு, முதல் எழுத்திலேயே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் இருக்கும். படிப்பகத்துச் செயலாளர் சௌக்கத் அலி ஒரு வழி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஜனங்கள் முன்னால் எரிமலையைப் பற்றி ஒரு பேச்சு. ஒழுங்காக முடித்தால் வாத்தியார் வேலை இவருக்கு, இல்லையென்றால் யானைக்கவுனியிலிருந்து வேறு ஆள் வருவார். சௌக்கத் அலி நல்ல மனுஷர்தான். ஆனால் வாசல் பலகையில் சாக்கட்டியால் என்ன எழுதினார் தெரியுமா? "பூமிக்குள் கொதிக்கும் குழம்பு. அனைவரும் வருக."

அதுவோ ஆடி மாசம். அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றி, கூடவே கருவாட்டுக் குழம்பும் விடுகிற மாசம். யாரோ பலகையை வாசித்துச் சொல்ல, செய்தி எர்ணாவூர் தாண்டிப் போய்விட்டது. பூமிக்குள் என்றால் குழி வெட்டி அடுப்புப் போடுகிறார்கள் என்று அவர்களே முடிவு கட்டிக்கொண்டார்கள்.

ஞாயிறன்று படிப்பகம் நிறைந்துவிட்டது. பெண்கள் எல்லோர் மடியிலும் தூக்கு, குண்டான். சௌக்கத் அலி தலையில் கை வைத்துக்கொண்டார். இவர் எழுந்து நின்று, "பூமிக்குள்ள கு... கு..." என்றார். அதற்கு மேல் வரவில்லை. முகத்துவாரக்குப்பத்திலிருந்து வந்த வேம்பு என்ற பெண், பாவம், நிஜமாகவே கேட்டாள்.

"கொயம்பு எங்க கீது நைனா? புள்ளைங்க பசியா கீதுங்கோ."

கூடம் முழுக்கச் சிரிப்பு. இவர் குனிந்து செருப்பைத் தேடினார். வேலை விட்டு வந்து தினமும் சுவரைப் பார்த்து நின்று பேசிப் பழகிய மனுஷர். சிரித்தவர்கள் மேல், அந்தப் பலகை மேல், செருப்பைத் தேடும் இவர் மேல், எல்லார் மேலும் எனக்குக் கோபம்.

யாரும் எழுந்து போகக் கூடாது, குழம்பு உண்டு என்று கத்திவிட்டு அடுத்த சந்தில் இருந்த வீட்டுக்கு ஓடினேன். பெரிய சட்டி, புளி, கருவாடு, கத்திரிக்காய், விறகு எல்லாம் வந்தன. படிப்பகத்து முற்றத்தில் மூன்று செங்கல் வைத்து அடுப்பு மூட்டினேன். கூட்டம் சுற்றி உட்கார்ந்தது. வீட்டில் செய்வது போலவே இவர் வந்து குந்தி ஊதத் தொடங்கினார். குழம்பு கொதி வந்ததும் மெதுவாகச் சொன்னேன்.

"அவுங்கள வுடுய்யா. எனக்குச் சொல்லு. பூமிக்குள்ள இன்னா ஆவுது?"

சட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நடுவுல பாரு கெங்கா. அடியில சூடு பட்டது லேசாயி மேல வருது. வந்து ஓரமா போவுது, ஆறுது, கனமாவுது, திரும்ப அடிக்கே எறங்குது. பூமிக்குள்ள பாறையும் இப்டித்தான் சுத்துது."

திக்கவே இல்லை. உள்ளே இருக்கிற சூட்டில் பாறையே இளகிப்போகும் என்றார். ஆனால் சட்டி மாதிரி சட்டென்று கொதிக்காது, நகம் வளர்கிற வேகத்தில்தான் நகரும். அது உருகி, மேலே வெடிப்புக் கண்ட இடத்தில் பொங்கி வந்தால் எரிமலை. எல்லாம் என்னிடம்தான் சொன்னார். கூட்டம் மூச்சுவிடாமல் கேட்டது. நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். கிளறினால் அவர் காட்டுகிற ஓட்டம் கலைந்துபோகும். குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. பிடித்தால் பிடிக்கட்டும் என்று இருந்தேன். இந்த மனுஷர் மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

அந்த உள் அடுப்பு என்றைக்காவது அணையுமா என்று வேம்பு கேட்டாள். இவர் என்னை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"அ... அ..."

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. வேம்பு காத்திருந்தாள்.

"அணையும்மா. ரொம்ப காலம் ஆவும். அதுவரிக்கும் சுத்திக்கினேதான் இருக்கும்."

அவள் தலையை ஆட்டிக் குண்டானை நீட்டினாள்.

"செரி வாத்தியாரே, ஊத்தச் சொல்லு."

அவரை முதன்முதலில் அப்படிக் கூப்பிட்டது அவள்தான். சௌக்கத் அலியும் அதைக் கேட்டுவிட்டு, யானைக்கவுனி ஆள் இனி வேண்டாம் என்றார். நான் அழுதுகொண்டே தீய்ந்த குழம்பை ஊற்றினேன். வேம்புக்கு மட்டும் ஒரு கரண்டி கூடவே விட்டேன்.