ஒரு வத்தல் கனம்

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். போதாக்குறைக்கு சிவகாசி அச்சாபீசில் செக்கிங் வேலை. பட்டாசுப் பெட்டி லேபிளில் சிவப்பு மை ஒரு நூல் விலகியிருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. அப்பேர்ப்பட்ட என்னிடமே தங்கப்பாண்டியண்ணன் தன் வேலையைக் காட்டினால் விடுவேனா?

விருதுநகரில் சம்சு மாஸ்டரின் மிளகாய்க் களத்தில்தான் எங்கள் கராத்தே வகுப்பு. காலையில் மிளகாய் வத்தலைக் காயப்போடும் வரைக்கும் களம் எங்களுடையது. ஜோடிச் சண்டைக்கு அங்கே ஒரு முறை உண்டு. முதலில் கும்பிட வேண்டும். பிறகு "முகம்" என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே முகத்தில் குத்த வர வேண்டும். எதிராளி அதைத் தடுத்துவிட்டுத் திருப்பிக் குத்துவார். அந்தப் பதில் குத்து மட்டும் தோலில் படாமல் நிற்க வேண்டும். "நடுவுல ஒரு வத்தல் கனம்தான் இருக்கணும்" என்பார் மாஸ்டர்.

அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் தங்கப்பாண்டியண்ணன் நாலு வருசமாக என் ஜோடி. அவர் குத்தைத் தடுக்கத் தவறினால் உதடு கிழியும், அத்தனை நேர்மை. அந்த மனுசன் தீபாவளி சீசன் முடிந்து வந்ததிலிருந்து, என் முகத்துக்கு ஒரு சாண் முன்பே கையை நிறுத்த ஆரம்பித்தார்.

அடுத்த மாதம் எங்கள் இருவருக்கும் கறுப்பு பெல்ட் தேர்வு. எட்டாத குத்தைத் தடுத்தால் மதுரையிலிருந்து வரும் தேர்வாளர் மார்க் போட மாட்டார். பெல்ட் கிடைத்தால் எனக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் கராத்தே டீச்சர் வேலை என்று பேசியாயிற்று. இது அண்ணனுக்கும் தெரியும். நான் ஒழுங்காகக் குத்துவேன், அவர் தேறிவிடுவார். அவர் அரைகுறையாகக் குத்துவார், நான் கோட்டைவிடுவேன். அப்புறம் அந்த வேலை யாருக்கு?

"ஏண்ணே, பாதியிலயே நிப்பாட்டுறீக?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான குத்துறேன்" என்று வேறெங்கோ பார்த்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவரை அந்தப் பள்ளிக்கூடத் தெருவிலேயே பார்த்தேன். கையில் ஒரு பை. என்னை இடது பக்கம் விட்டு உரசுகிற மாதிரி போனவர் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. என் வேலையைத் தட்டிப் பறிக்கத்தான் வந்திருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

மறுநாள் களத்தில் கும்பிட்டோம். "முகம்" என்றார். வழக்கம்போல ஒரு சாண் தள்ளி நின்றது கை. அதைத் தட்டிவிட்டு, இருந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து அவருடைய இடது கண்ணோரத்துக்குப் பக்கவாட்டில் என் கையை வீசினேன். வத்தல் கனத்தில் நிறுத்தினேன்.

அவர் இமைக்கவில்லை.

கண்ணுக்குக் கிட்டே முஷ்டி வந்தால் மாஸ்டரே இமைத்துவிடுவார். கையை எடுக்காமல் விரல்களை விரித்து ஆட்டிப் பார்த்தேன். நான் இனிமேல்தான் குத்தப் போகிறேன் என்பதுபோல நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, இந்தக் கண்ணு?" என்றேன்.

சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "சீசன்ல பொறி தெறிச்சிருச்சு. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அங்கிட்டுதான் கண்ணாஸ்பத்திரி, நடையா நடக்கேன். தூரம் பிடிபட மாட்டேங்குது முருகேசு. எங்க ஒன் மூக்க ஒடச்சிருவேனோன்னு கை தானா நின்னுருது. மாஸ்டர்ட்ட சொன்னா என்னைய ஒதுக்கிருவாக. ஒனக்கும் ஜோடி இல்லாமப் போயிரும்ல."

எனக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது, சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று.

"இனிமே நிப்பாட்டாதீக. முழுசா அடிங்க. தடுக்கிறது என் சோலி."

"தப்பிருச்சுன்னா?"

"பல்லுதான போகும், போகட்டும்."

தேர்வன்று "முகம்" என்று சொல்லிவிட்டு வந்தார். பழைய குத்து, நிற்கிற நினைப்பே இல்லாத குத்து. என் முன்கை விண்ணென்று தெறித்தது. அடுத்தது காதை உரசிக்கொண்டு போனது. தேர்வாளர் தலையாட்டினார். என் முறை வந்தபோது என் குத்துகளைத் தடுக்க முடியாமல் அண்ணன் தடுமாறினார். அவருக்கு அடுத்த வருசம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு மாஸ்டர் பெல்ட்டைக் கட்டிவிட்டார். வெளியே வந்ததும் அண்ணன் கேட்டார். "ஒத்தக் கண்ணன் கைய நம்பி எப்படித்தான் நின்ன?"

"யாரு நம்புனா? இப்பவும் நம்பல. இடது பக்கம் லாரி வருது, நீங்க பாட்டுக்கு ரோட்டுல எறங்குறீக."

சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்திவிட்டு, அவருடைய இடது பக்கத்துக்கு மாறிக்கொண்டேன்.