குளத்துக்குச் சுடுதண்ணீர்

தனோஜன் உறைந்த குளத்தை உடைக்கச் சுத்தியலை ஓங்கியபோது றஞ்சிதம் வீட்டுச் செருப்போடு பனிக்குள் ஓடிப்போய் மகனின் கையைப் பிடித்தாள்.

“அடிச்சியெண்டால் கீழை ரப்பர் கிழிஞ்சிடும். அப்பா எத்தினை தரம் சொன்னவர்?”

அவன் சுத்தியலைக் கீழே போட்டான். அப்பா நேற்றுத்தான் ஆஸ்பத்திரியில் செத்துப்போயிருந்தார். அவனுக்கு மட்டும் எங்கே புத்தி நிலையில் இருக்கும்? அவள் புருஷன் அருமைநாதன் படுக்கையில் கிடந்த நாட்களில் பின்வளவுக் குளத்தை உறையவிடாமல் வைத்திருந்த ஹீற்றர் எரிந்துபோனதை ஒருவரும் கவனிக்கவில்லை. இப்போது குளத்தின் மேற்பரப்பு முழுதாக உறைந்துவிட்டது. ஐஸ் இன்னும் தடித்தால் ஓரத்து ரப்பர் விரிப்பை நெரித்துக் கிழிக்கும், தண்ணீர் வடியும், மீன்கள் சாகும். இந்த இல்-பிசார் தீவில் வீடு வாங்கிய வருஷம் அவர் தன் கையால் வெட்டிய குளம். அவரையும் இதையும் ஒரே கிழமையில் இழக்க றஞ்சிதத்தால் முடியாது.

அடிக்காமல் ஐஸில் ஒரு ஓட்டை விழுத்தினால் நெரிக்காது. குழாயில் வந்த சுடுதண்ணீரைப் பானையில் பிடித்து ஐஸின் மேல் வைத்துப் பார்த்தாள். உருகவில்லை. பானைதான் ஆறிப்போய் ஒட்டிக்கொண்டது. கொதிதண்ணீர் வேண்டும்.

குசினியில் சிவநேசம் இருந்தாள், செத்தவரின் அக்கா. பிரேதம் எரியும்வரை இந்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டாள். மின்சார அடுப்பில் மூட்டுவதற்கு நெருப்பே இல்லை என்று அவளிடம் சொல்ல யாருக்குத் துணிவு? கேத்திலின் வயரைக்கூடக் கழற்றி வைத்திருந்தாள். தேத்தண்ணி வில்லரேயில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டிலிருந்து பிளாஸ்கில் வந்தது.

றஞ்சிதம் இன்னொரு பானையில் தண்ணீர் வைத்து அடுப்பைத் திருகினாள். துக்கம் விசாரிக்க வந்து கூடத்தில் இருந்த பெண்கள் கதையை நிறுத்தினார்கள்.

“றஞ்சி, தம்பி இன்னும் எரியேல்லை,” என்றாள் சிவநேசம்.

“ஓம் மச்சாள். அவர் இருந்தால் இப்ப இதைத்தான் செய்வார்.”

“நாலு சனம் என்ன கதைக்கும்?”

“கதைக்கட்டும்.”

கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து மச்சாளை அவள் எதிர்த்துக் கதைத்ததில்லை. தண்ணீர் கொதிக்கும்வரை அடுப்படியை விட்டு அசையாமல் நின்றாள்.

பானையைத் துணியால் பிடித்துத் தூக்கிப்போய் ஐஸின் மேல் வைத்து, பக்கத்தில் குந்தினாள். பானை கொஞ்சம் இறங்கியது. கன நேரம் பார்த்திருந்தாள், அதற்குமேல் இறங்கவில்லை. ஒரு பானை போதாது. திரும்ப உள்ளே போய் அந்தப் பெண்களுக்கு நடுவே நிற்க இனித் தெம்பும் இல்லை.

பின்கதவு திறந்தது. தம்பியின் பெரிய பனிச்சப்பாத்துக்குள் காலை விட்டுக்கொண்டு சிவநேசம் அடி அடியாக வந்தாள். அவள் கையிலிருந்த பானையில் ஆவி பறந்தது.

“ஆறமுந்தி மாத்து,” என்றாள்.

மாற்றி வைத்தார்கள். ஆளுக்கொரு பக்கம் பானையின் பிடியைப் பிடித்தபடி குந்தியிருந்தார்கள். அதன் விளிம்பைச் சுற்றிக் கறுப்பாகத் தண்ணீர் ஊறத் தொடங்கியது.