மஞ்சள் கொப்பரைப் பரிசோதனை

மனித நாகரிகம் முழுவதும் இரண்டு பொருள்கள் சேரும் இடத்தில்தான் நிற்கிறது. இணைப்பு உறுதியாக இருக்கும்வரைதான் பாலம் பாலம், கோபுரம் கோபுரம். ஆகவே இணைப்பைக் காப்பவனே நாகரிகத்தைக் காப்பவன்.

இதை என் அலுவலக வாசல் பலகையில் எழுதச் சொன்னேன். சேலம் கடைவீதியில் பலகை எழுதுகிறவர் இரண்டு தடவை படித்துவிட்டு, "ஏனுங்க, இது என்ன யாவாரம்னு எங்கியும் வரலீங்களே?" என்றார். நாகரிகத்தை அழித்துவிட்டு, "தண்டாயுதபாணி அண்டு கம்பெனி, கட்டட இஞ்சினீயர்கள்" என்று போட்டுக்கொண்டோம். கம்பெனி என்பது நானும் ஒரு மேசையும்.

முப்பத்தெட்டாம் வருஷம் அது. சுவரில் விரிசல் விட்டால் ஜனங்கள் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். நான் அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் சொல்வேன். பிறகு அவர்கள் கொத்தனாரைக் கூப்பிட்டு அடைத்துக்கொள்வார்கள். இப்படியே போனால் மேசை மட்டும்தான் மிஞ்சும் என்று தோன்றியபோது, இரும்பை ஆணி அடித்துச் சேர்க்காமல் காஸ் வைத்து உருக்கி ஒட்டுகிற வெல்டிங் வேலை நம் பக்கம் பரவ ஆரம்பித்தது. ஒட்டுகிறவர்கள் இருந்தார்கள். ஒட்டியது சரியா என்று சொல்ல ஆளில்லை. மதராஸிலிருந்து தபாலில் ஒரு புத்தகம் வரவழைத்து, அதில் ஓர் அத்தியாயத்தை மூன்று தடவை படித்தேன். பலகையில் ஒரு வரி கூடியது: "வெல்டிங் பரிசோதனையும் செய்யப்படும். பொருளுக்குச் சேதம் வராது."

அந்த வரியை நம்பி வந்த முதல் மனிதர் காளியண்ணன். நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் வெள்ளாமை செய்கிறவர்.

"மஞ்சள் வேகவெக்கிற கொப்பரை ஒண்ணு, ராசிபுரத்துச் சின்னுசாமி காஸ் வெச்சுப் பத்தவெச்சிருக்கானுங்க. ஆணி அடிச்ச கொப்பரைன்னா எனக்குத் தெரியும். இது என்னமோ மெழுகு ஒழுகுன மாதிரி இருக்குது. நீங்க பாத்து, நல்லதுன்னு காயிதத்துல எழுதிக் குடுத்தாப் பங்காளிங்களுக்கும் சேத்துப் பதினோரு கொப்பரை அவனுக்கே. இல்லாட்டிப் பழையபடி ஆணிதானுங்க."

மாசி மாதம். நாமகிரிப்பேட்டையில் அப்போது சுவர், மாட்டின் முதுகு, மனிதர்களின் வேட்டி எல்லாமே மஞ்சள். கொப்பரையும் மஞ்சளாகத்தான் இருந்தது. ஊர் நிறம் என்று விட்டுவிட்டேன்.

சின்னுசாமி பக்கத்தில் கை கட்டி நின்றார். மேட்டூர் அணை வேலையில் வெல்டிங் கற்றவர், முப்பது வயதிருக்கும்.

"இந்தப் பதினோரு கொப்பரைய நம்பித்தானுங்க ராசிபுரத்துல கொட்டகை போட்டிருக்கேன்" என்றார். "பாத்துச் செய்யுங்க சாமி."

"விஞ்ஞானம் பட்சபாதம் பார்க்காது" என்றேன். அவருக்கு அதில் ஆறுதல் கிடைத்ததாகத் தெரியவில்லை.

புத்தகம் சொன்ன முறை எளிது. ஒட்டின் உட்பக்கம் மண்ணெண்ணெய் தடவ வேண்டும். வெளிப்பக்கம் சீமைச் சுண்ணாம்புத் தூளைக் கரைத்துப் பூச வேண்டும். விரிசல் இருந்தால் மண்ணெண்ணெய் அதில் ஊர்ந்து வந்து வெள்ளையில் கறையாகத் தெரியும். சீமைச் சுண்ணாம்பு கைவசம் இல்லை. நம்மூர்ச் சுண்ணாம்பு இருந்தது. இரண்டுக்கும் நடுவே கடல்தான் வித்தியாசம் என்று தீர்மானித்தேன். அப்போது எனக்குக் கொஞ்சம் சுதேசி உணர்ச்சியும் இருந்தது.

பூசினேன். கடிகாரத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். அரை மணி காத்திருக்கச் சொல்லியிருந்தது புத்தகம். அரை நிமிஷத்திலேயே ஒட்டு நெடுக, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, ரத்தம் மாதிரி சிவப்புக் கோடு எழுந்தது.

காளியண்ணன் ஓர் அடி பின்னால் போனார். "என்னுங்க இது?"

எனக்கும் தெரியாது. ஆனால் பலகை போட்டவன் தெரியாது என்று சொல்ல முடியுமா? "துரு" என்றேன். "மண்ணெண்ணெய் விரிசல் வழியாகத் துருவைக் கரைத்துக்கொண்டு வருகிறது. ஒட்டு முழுவதும் விரிசல்."

"புது இரும்புங்க. துரு எங்கிருந்து வரும்?" என்றார் சின்னுசாமி.

"கண்ணுக்குத் தெரியாத துரு."

"எங்கண்ணுக்கு உங்க விரிசலுந்தான் தெரியலீங்க."

காளியண்ணன் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. விரிசலைக் காட்டியே தீர்வது என்று உளியும் சுத்தியலும் கேட்டேன். சின்னுசாமி தர மறுத்தார். காளியண்ணன் ஆள் விட்டு வாங்கிவரச் செய்தார். கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு ஒட்டை வெட்ட ஆரம்பித்தேன். விரிசல் விட்ட இரும்பு என்று நான் சொன்னது இரண்டு அங்குலம் வெட்டுப்பட ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டது. உளி இரண்டு தடவை மழுங்கியது. வெட்டிய வாயில் இரும்பு வெள்ளி மாதிரிப் பளபளத்தது. மயிரிழை விரிசல் கூட இல்லை.

"இன்னும் ஆழத்தில் இருக்கும்" என்றேன்.

"ஆழத்துக்கு அப்பறம் அந்தப்பக்கம்தானுங்க" என்றார் சின்னுசாமி. உண்மைதான். உளி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் காளியண்ணனின் மனைவி பெரியநாயகி செம்பில் மோர் கொண்டுவந்தார். கொப்பரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். செம்பைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஏனுங்க, யாருக்கு ஆரத்தி?"

சிவந்த ஒட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"புதுக் கொப்பரைன்னு காத்தால நாந்தான் மஞ்சளைக் கொழச்சு ஒட்டுன எடம் பூராப் பூசினேன். அதும்மேல சுண்ணாம்பைப் பூசுனாச் செவக்காம என்னுங்க பண்ணும்? இஞ்சினீருங்களுக்கு ஊட்டுல ஆரத்தி எடுத்ததே இல்லீங்களா?"

எடுத்திருக்கிறார்கள். என் கல்யாணத்தில் மட்டும் மூன்று தடவை.

காளியண்ணன் கொப்பரையைச் சுற்றி வந்து வெட்டிய வாயில் விரலை விட்டுப் பார்த்தார். "அப்ப விரிசல் இல்லீங்களா?"

"அப்போது இல்லை" என்றேன்.

"இப்ப?"

"இப்போது இருக்கிறது."

பெரியநாயகி உள்ளே போய்விட்டார். சிரிப்புச் சத்தம் வெளியே கேட்டது. உள்ளே இருந்த மற்றப் பெண்களுக்கும் விஷயம் போய்ச் சேர்ந்தது என்று சத்தத்தின் அளவிலிருந்து தெரிந்தது.

சின்னுசாமி சிரிக்கவில்லை. "இதை நான் பத்தவெச்சிருவேனுங்க, அது பெருசில்ல" என்றார். "நாளைக்குப் பங்காளிங்க வந்து பாப்பாங்க. ஒட்டு மேல ஒட்டு இருக்கறது நல்லாத் தெரியும். மொதல்லயே ஓட்டை போல, அடைச்சிருக்கான்னு சொல்லிப்போட்டு ஆணி அடிக்கறவங்கிட்டப் போயிருவாங்க. எம்மேல தப்பில்லைன்னு காயிதத்துல வேணுமுங்க."

"நானே அவர்களிடம் வாயால் சொல்கிறேன்."

"வாயால சொன்னதைத்தானுங்க காத்தால இருந்து கேட்டுக்கிட்டிருக்கோம்."

காளியண்ணனும் தலையாட்டினார். "காயிதம்னுதானுங்க பேச்சு."

ஓட்டை இருந்தது என்று மட்டும் எழுதினால் என் மானம் தப்பும், சின்னுசாமியின் கொட்டகை போகும். உளியை அப்போதும் நான்தான் கையில் வைத்திருந்தேன். கீழே போட்டுவிட்டு, கோட்டுப் பையிலிருந்து அச்சடித்த சான்றிதழ் படிவத்தை எடுத்தேன். நானே வடிவமைத்தது. கட்டங்கள் ஒன்பது.

ஒட்டின் தரம்: முதல் தரம். பழுது: உண்டு, ஓர் இடத்தில், இரண்டு அங்குலம்.

அடுத்த கட்டம் பழுதின் காரணம். சின்னுசாமிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பரிசோதனை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.