பவுடர் தூவிய ஹோஸ்

நர்சம்மாவுக்கு வலது தோள்பட்டையில் ஆபரேஷன் ஆகி எட்டு மாதம். வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற வேலை அவளுக்கு. கனமான எதையும் இழுத்துத் திருப்பக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். பவர் ஸ்டீயரிங் ஒழுங்காக இருந்தால் கார் ஓட்டலாம். இல்லாவிட்டால் காரும் போச்சு, வேலையும் போச்சு. விஷயம் அவ்வளவுதான்.

அந்த ஸ்டீயரிங்தான் மூன்று மாதமாகப் படுத்தி எடுத்தது. பானெட்டுக்குள் இருக்கும் ஸ்டீயரிங் ஆயில் டப்பாவில் மேல்கோடு வரை ஊற்றுவாள். பத்தே நாளில் கீழ்க்கோட்டுக்கும் கீழே போய்விடும். திருப்பும்போதெல்லாம் பம்ப் முனகும். ஒரு நாள் எதிரே லாரி வரும்போது ஸ்டீயரிங் இறுகிக்கொண்டது. அன்று போன உயிர் வீட்டுக்கு வந்த பிறகுதான் திரும்பியது. சமையலறையில் உட்கார்ந்து அழுதாள்.

மெக்கானிக் மூன்று தடவை காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார். எங்கேயும் பொட்டு ஈரம் இல்லை. இவ்வளவு பளபளப்பான இன்ஜினை ஷோரூமில்கூடப் பார்த்ததில்லை என்று சலித்துக்கொண்டார். பின்னே? அவள் புருஷன் ரிட்டயர் ஆன நாளிலிருந்து துணியும் கையுமாகத்தான் அலைகிறார். ஃபேன் இறக்கை, ஸ்விட்ச், செருப்பின் அடிப்பக்கம் வரைக்கும் துடைப்பார். இரண்டு நிமிஷம் சும்மா உட்கார்ந்தால் உன்னையும் துடைத்துவிடுவார் என்று தங்கச்சி அவளைக் கேலி செய்வாள்.

நாலாவது தடவை மெக்கானிக் வேறு வழி பார்த்தார். ஆயில் ஓடுகிற ரப்பர் ஹோஸ்களைச் சுத்தம் செய்து, இணைப்புகள்மேல் முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவினார். ஒழுகுகிற இடத்தில் பவுடர் நனைந்து காட்டிக்கொடுத்துவிடுமாம். ஒரு வாரம் ஓட்டுங்கள், யாரும் கை வைக்கக் கூடாது என்றார். அவள் அதைப் புருஷனிடம் ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னாள். அவரும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

ஒரு வாரம் கழித்து மெக்கானிக் பானெட்டைத் திறந்தால் ஆயில் குறைந்திருக்கிறது. பவுடர் எல்லா இடத்திலும் போட்டது போட்டபடி இருக்கிறது, ஒரே ஒரு இடத்தைத் தவிர. டப்பாவுக்கு ஆயில் திரும்பி வருகிற ஹோஸை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் மட்டும் பவுடரே இல்லாமல் சுத்தமாக இருந்தது.

"உங்க வீட்டுக்காரர் சுத்தத்துக்காகத் துடைச்சிருந்தா எல்லாத்தையும்தான் துடைச்சிருப்பார், சிஸ்டர்," என்றார் மெக்கானிக். "இது இடம் தெரிஞ்சு துடைச்சது."

ஹோஸின் வெடித்த நுனியை வெட்டி, புதுக் கிளாம்ப் போட்டு முடுக்க அரை மணிகூட ஆகவில்லை. அவள் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அவர் ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அங்கே ஒழுகுவது எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டாள். மழுப்பிப் பார்த்தார். அவள் நகராமல் நிற்கவே, ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்றார்.

"நீ வேலையை விட்டுட்டா பேச்சுத் துணைக்கு ஆச்சுன்னு நெனச்சேன். நாள் பூரா தனியா இருக்க முடியலை."

பாவமாகத்தான் இருந்தது அவளுக்கு. அந்தப் பாவத்தோடு அதை விட்டிருப்பாள்.

"லாரி வந்ததுன்னு அழுதேனே," என்றாள். "அதுக்கு அப்புறமும் துடைச்சீங்களா?"

அவர் துணியை நாலாக மடித்தார்.

"துடைச்சேன்," என்றார்.

மறுநாள் சாயங்காலம் கடைசி வீட்டில் கட்டுப் போட்டு முடித்தவள், வீட்டுக்குப் போகிற தெருவை விட்டுவிட்டு, தங்கச்சி வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பினாள். ஸ்டீயரிங் ஒற்றைக் கைக்கே லேசாகத் திரும்பியது.