கீரனூரில் நின்ற கார்

தங்கமுத்து பானட்டைத் தூக்கி வைத்தபோது வெயில் இன்னும் ஏறவில்லை. இஞ்சின் ஆறிக் கிடக்கும்போதுதான் ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். சூட்டில் திறந்து முகம் வெந்தவனை அவன் பார்த்திருக்கிறான். அவ்வளவு விவரம் தெரிந்தவனுக்குத்தான் தண்ணி பார்த்து ஊற்றத் தெரியாதவன் என்று ஊர் பட்டம் கட்டியிருந்தது.

போன சனிக்கிழமை, லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்பும் தம்பி எழிலரசனையும் ஆத்தா மூக்காயியையும் ஏற்றிக்கொண்டு திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினான். அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டை தாண்டும்வரை ஒரு குறையுமில்லை. கீரனூர் கடைவீதியில் பழம் வாங்க நிறுத்திய இடத்தில் இஞ்சின் கொதித்து, ஆவி கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. வேறு வண்டி பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் ஏர்போர்ட்டில் கவுண்டரை மூடிவிட்டார்கள். ப்ளைட் போய்விட்டது.

வெறும் வாயை மெல்லுகிற சனத்துக்கு அவல் கிடைத்தது. தம்பி சம்பாதிப்பது அண்ணனுக்குப் பொறுக்கவில்லை என்று சொந்தக்காரர்களே பேசினார்கள். மூக்காயி அப்படிச் சொல்லவில்லை. ஆனால் நாலு நாளாகச் சோற்றைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. மெக்கானிக்கிடம் விட்டால் அவன் பங்குக்கு நாலு கதை சேர்ப்பான். கோளாறு எங்கே என்று தானே கண்டுபிடித்து, ‘பார் ஆத்தா, இது என் அசட்டை இல்லை’ என்று காட்டியாக வேண்டும்.

வண்டிக்கு அடியில் விரித்திருந்த அட்டை காய்ந்தே கிடந்தது. ஒழுக்கு இல்லை. கூலன்ட் கலந்த தண்ணீரைக் கழுத்துவரை ஊற்றி, மூடி போடாமலே ஸ்டார்ட் செய்து உற்றுப் பார்த்தான். குமிழி வரவில்லை. ஆயில் கம்பியை உருவினான். பால் கலந்தது போல வெளுக்கவில்லை. அப்பாடா, இஞ்சினுக்குள் தண்ணீர் புகவில்லை, ஹெட் கேஸ்கட் பிழைத்தது. மூடியைப் போட்டு ஓட விட்டான். மேல் ஹோஸ் சுட்டது. கொஞ்ச நேரத்தில் கீழ் ஹோஸும் சுட்டது. தண்ணீர் சுற்றுகிறது, அதற்கு வழி விடும் தெர்மோஸ்டாட்டும் திறக்கிறது. பிறகு எதற்குக் கொதித்துத் தொலைத்தது?

சூட்டு முள் பாதியைத் தாண்டி முக்காலைத் தொட்டது. ரேடியேட்டர் ஃபேன் அசையவே இல்லை.

இஞ்சினை அணைத்தான். ஓடும்போது எதிர்காற்றே ரேடியேட்டரை ஆற்றியிருக்கிறது, நின்றபோதுதான் கொதித்திருக்கிறது. ஃபியூஸ் நன்றாக இருந்தது. பேட்டரியிலிருந்து நேரே ஒயர் கொடுத்தான். ஃபேன் விர்ரென்று சுற்றியது. அப்படியானால் நடுவில்தான் எங்கோ இணைப்பு விட்டிருக்கிறது. ஒயரைத் தடவிக்கொண்டே போன விரல் ஓர் இடத்தில் நின்றது. சாக்கெட் கழற்றப்பட்டு, ஹோஸுக்குப் பின்னால் வெளியே தெரியாமல் செருகப்பட்டிருந்தது. அது தானாகக் கழலாது. கிளிப்பை நகத்தால் அமுக்கி இழுத்தால்தான் வரும்.

அந்த வீட்டில் பானட்டைத் திறக்கிறவர்கள் இரண்டே பேர். பயணத்துக்கு முந்தின நாள் வண்டியைக் கழுவியவன் எழிலரசன். கீரனூரில், “பழம் வாங்கிட்டு வாரேண்ணே, ஆத்தாவுக்கு வேர்க்கும், ஏசிய நிறுத்தாத” என்று இறங்கிப் போய், முக்கால் மணி நேரம் கழித்து வெறுங்கையோடு வந்தவனும் அவன்தான்.

தங்கமுத்துவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஊரே தன்னை ஏசும்போது வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றானே, பாவி!

“எழிலு, இங்கிட்டு வா.”

வந்தவன் அண்ணன் கையிலிருந்த சாக்கெட்டைப் பார்த்தான். மறுக்கவில்லை.

“போகப் புடிக்கலைன்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானடா?”

“யாருகிட்டண்ணே சொல்றது? வீடு பாதியில நிக்கிது. எம்மவன் பயணம்னு ஆத்தா தெரு முழுக்கச் சொல்லிருச்சு.” எழிலரசன் சாக்கெட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எண்ணெ டேங்குக்குள்ள எறங்கிக் கழுவுற வேலண்ணே. லீவுக்கு முந்தி எங்கூட எறங்குனவன் உள்ளயே மூச்சு முட்டிச் செத்துட்டான். நாந்தான் கயிறு கட்டி இழுத்தேன். திரும்பிப் போனா அதே டேங்குதான். ப்ளைட்ட விட்டா இந்தப் பயணமே முடிஞ்சுரும்னு நெனச்சேன். ஒன்னயப் பழி சொல்லுவாகன்னு தோணலண்ணே.”

தங்கமுத்துவின் கோபம் போன இடம் தெரியவில்லை. ஏஜெண்ட் வாங்கிக் கொடுத்த இன்னொரு டிக்கெட்டுக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

மூக்காயி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “என்னப்பா, எதுன்னு தெரிஞ்சுச்சா?”

நாலு நாளில் அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை. சாக்கெட்டைக் காட்டினால் போதும், பழி போய்விடும்.

“இஞ்சினே போச்சு ஆத்தா. நாந்தான் தண்ணி பாக்காம விட்டுட்டேன். வெள்ளிக்கெழமைக்குத் தேறாது. பயணத்தக் கொஞ்சம் தள்ளிப் போடுவோம்.”

மூக்காயி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இப்பவாச்சும் ஒத்துக்கிட்டியே. ஒன் வண்டிய யாரு நம்புனா? ஆவுடையப்பன் வாடகைக் கார நேத்தே சொல்லிட்டேன். வெள்ளிக்கெழம விடியக்காலம் நாலு மணிக்கு வந்துரும்.”

“ஆத்தா, அவன் அங்க போக வேணாம். அங்க...”

எழிலரசன் அண்ணனின் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தான்.

“பொறாமையிலதான் தடுக்குறன்னு சொல்லுவாகண்ணே. ஒன்னய ஏச்சு வாங்க வச்சது போதும்” என்றான், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு தலையை நிமிர்த்தி, “நாலு மணிக்கா ஆத்தா? சரி, ரெடியா இருக்கேன்” என்றான்.

மூக்காயி சின்ன மகனின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். அவள் முகத்தில் நாலு நாளாக இல்லாத சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே தங்கமுத்து சாக்கெட்டை அதன் இடத்தில் செருகினான்.