சிலிம் ரிவர் அலைவாங்கி

ஈப்போ வீட்டில் மின்சாதனங்களின் இரைச்சல் வானொலி அலைகளை மூழ்கடித்ததால், சிலிம் ரிவர் பக்கத்துப் பழைய ரப்பர் எஸ்டேட்டில், தன் மாமா வீட்டுக் கூரையில் யோகேஸ்வரி ஒரு ரேடியோ அலைவாங்கி வைத்தாள். அங்கே இணையக் கேபிள் கிடையாது. மோடமும் சிம் கார்டும்தான். அது பிடிக்கும் ஒலிபரப்புகளை இணையத்தில் யாரும் கேட்கலாம்.

அவள் சேர்ந்திருந்த வானொலி ஆர்வலர் குழுவின் தலைவர் குணாளன் எல்லார் முன்னாலும் சிரித்தார். "டேட்டாவுல ரேடியோவா? பொம்ம லா இது!"

பாதி மாதத்திலேயே டேட்டா தீர்ந்தது. யாரோ ஒருவர் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார். எரிச்சலோடு, ஒருவருக்கு ஒரு தடவைக்கு அரை மணி நேரம்தான் என்று மாற்றினாள்.

மறுநாளே குணாளன் அழைத்தார். "என்னம்மா வெச்சிருக்க? அரை மணிக்கு ஒருக்கா அறுந்துபோவுது!"

"அப்ப அந்த ஆளு நீங்கதானா, அண்ணே?"

"சும்மா டெஸ்ட் பண்ணிப் பாத்தேன்மா."

"மத்தவங்களும் கேக்கணும் லா," என்று போனை வைத்துவிட்டாள்.