ஊசி இறங்கிய கண்ணாடி

பெங்களூர் அடுகோடியில் ஒரு தகரக் கொட்டகையில் யூஜின் கார் கண்ணாடிகளைச் சரிசெய்துவந்தான். முன்கண்ணாடியில் கல் தெறித்து நட்சத்திரம்போல் விரிசல் விழுந்தால், உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு ரெசின் என்ற திரவப் பசையைச் செலுத்துவான். மேலே சிறிய பிளாஸ்டிக் தாளை ஒட்டிப் புற ஊதா விளக்கைப் பத்து நிமிடம் காட்டினால் ரெசின் இறுகிவிடும். வெயிலும் அதே வேலையைச் செய்யும். அதனால் ரெசின் எல்லாக் கீறலுக்குள்ளும் பரவும்வரை காரை நிழலில்தான் வைத்திருப்பான்.

2003 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, அவன் மனைவி பெர்னதெத் மதியச் சாப்பாடு கொண்டுவந்தாள். அவள் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக வேலை பார்த்தாள். அவன் வேலை முடியும்வரை விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்த டியூப் எப்ப மாத்துனீங்க?"

"எதுக்கு மாத்தணும்? நல்லாத்தானே எரியுது."

"எரிஞ்சா போதுமா? எங்க கிளினிக்ல பல்லு அடைக்கிற லைட்டை டாக்டர் வாராவாரம் டெஸ்ட் பண்ணுவாரு. கொஞ்சம் மருந்து வெச்சு, லைட் காட்டி, குத்திப் பாப்பாரு."

யூஜின் சிரித்தான். ஆனாலும் சாப்பிட்டு முடித்ததும் உடைந்த கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ரெசின் விட்டுப் பத்து நிமிடம் விளக்குக் காட்டினான். மேலே பால் ஆடைபோல ஒரு தோல் இறுகியிருந்தது. ஊசியால் குத்தினான். ஊசி இறங்கியது, இழுத்தபோது தேன்போல நூலாக வந்தது. இருபது நிமிடம் காட்டியும் அப்படித்தான்.

டியூப் போட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. அது எப்போது வலுவிழந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"உங்க கிளினிக் லைட்டைக் கேட்டுப் பாக்கலாமா?"

"அது வேற லைட்டு, நீல வெளிச்சம். உங்க ரெசினுக்குச் சரிப்பட்டு வராது."

அதற்கு முன் செய்தவை வெயிலிலேயே இறுகியிருக்கும்; மழை பிடித்த கடந்த மூன்று வாரத்தில் ஆறு கார்களுக்கு வேலை செய்திருந்தான். அன்று மாலையே ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். நான்கு பேருடைய கார்கள் தெருவில் நிற்பவை. போய் ஊசியால் குத்திப் பார்த்தான். மழைக்கு நடுவே அடித்த வெயிலிலேயே எல்லாம் கல்லாக இறுகியிருந்தன. ஐந்தாவது கார் தொம்மலூரில் இருக்கும் சேஷகிரியுடையது. பொதுப்பணித் துறையில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். காரை ஷெட்டில் பூட்டிவைத்து, பொழுது சாய்ந்த பிறகுதான் எடுப்பார்.

ஞாயிறு காலை சர்ச்சில் பூசை முடிந்ததும் யூஜின் அங்கே போனான். சேஷகிரிக்குப் பிடிக்கவில்லை.

"கண்ணாடி நன்னாத்தானே இருக்கு? எதுக்கு அதைப் போய்க் குத்தணும்? நாளைக்கு ஆனேக்கல்ல ஒரு கல்யாணம், நான் போயாகணும்."

"அதுக்குத்தான் சார் இன்னிக்கே வந்தேன். ரோடு மோசம். உள்ள இறுகலன்னா குதிக்கிற குதியில விரிசல் ஓடிடும்."

ஊசி வைத்தான். இறங்கியது. சேஷகிரி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"சரி, ஆக வேண்டியதைப் பாருங்கோ."

யூஜின் மேல்தோலைக் கீறி எடுத்து, பழைய ரெசினை உறிஞ்சிச் சுத்தம் செய்தான். புது ரெசின் செலுத்தும் கருவியின் திருகை முறுக்கும்போது ஒரு விரிசல் நெல்லளவு நீண்டது. கையை எடுத்துவிட்டான்.

"சார், விரிசல்ல ஒரு கால் கொஞ்சம் ஓடிடுச்சு."

"நானும் பார்த்தேன்" என்றார் அவர்.

திருகைத் தளர்த்திக் கால் மணி நேரம் காத்திருந்தான். பிறகு மெதுவாக முறுக்கினான். புதிதாக நீண்ட இடம்வரை ரெசின் ஏறி, விரிசலின் வெள்ளைக் கோடு மறைந்தது. பிளாஸ்டிக் தாளை ஒட்டியதும் இருவருமாகக் காரை ஷெட்டிலிருந்து முற்றத்துக்குத் தள்ளினார்கள். புது டியூப் புதன்கிழமைதான் வரும். இன்று வெயிலைத்தான் நம்ப வேண்டியிருந்தது. வெயிலோ மேகத்துக்குள் போவதும் வருவதுமாக இருந்தது.

சேஷகிரியின் மனைவி ராஜலக்ஷ்மி இரண்டு டம்ளரில் காபி கொடுத்துவிட்டுப் போனார்.

"நாங்க கான்கிரீட் போட்டா அதுல ஒரு கியூப் வார்த்து, இறுகினதும் உடைச்சுப் பார்ப்போம்" என்றார் சேஷகிரி. "நீங்க இத்தனை நாளா எதுவும் பார்க்கலையா?"

"பாக்கல சார். லைட் எரிஞ்சுது, நம்பிட்டேன்."

முக்கால் மணி நேரம் கழித்து யூஜின் தாளை உரித்து ஊசியை அழுத்தினான். ஊசி வழுக்கிக்கொண்டு ஓடியது. ஊசியை வாங்கி சேஷகிரியும் ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். திங்கள் இரவு அவரே போன் செய்து, கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பியாயிற்று, கண்ணாடிக்கு ஒன்றுமில்லை என்றார்.

ஆறாவது ஒரு வெள்ளை டாக்ஸி. டிரைவர் கொடுத்திருந்த நம்பரில் யாரோ ஒரு பெண் கன்னடத்தில், அந்தப் பெயரில் இங்கே யாருமில்லை என்றாள்.

"டாக்ஸிதானே, நாள் பூரா வெயில்லதான் நிக்கும். இந்நேரம் இறுகியிருக்கும்" என்றாள் பெர்னதெத்.

யூஜினுக்கும் அப்படித்தான் தோன்றியது. இருந்தாலும் அந்த வருடம் முழுக்க, ஓசூர் ரோடு சிக்னலில் பக்கத்தில் ஒரு வெள்ளை டாக்ஸி நின்றால், ஸ்கூட்டரிலிருந்து எட்டி அதன் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.